எக்ஸ்ரே வண்டியில் வந்த மேரி கியூரி



குலசேகரம் பகுதியில் பொழுது விடியும் முன்பே ரப்பர் தோட்டங்களில் சிறு சிறு விளக்குகள் அசையத் தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் நம் தொழிலாளர்களின் விளக்குகள் அவை. மழையில் ஊறிய சரிவில் ஒருவர் கால் வழுக்கி விழுந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்கிறார். வராந்தாவின் கடைசியில் இருக்கும் ஓர் அறைக்குள் சக்கரக் கட்டில் போகிறது. அங்கே ஒருவர் வலிக்கும் காலை மெல்லத் திருப்பி வைக்கிறார், அசையாமல் இருக்கச் சொல்கிறார், கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒரு பொத்தானை அழுத்துகிறார். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது.

கால் குணமானதும் மருத்துவருக்கு நன்றி சொல்கிறோம். கவனித்துக்கொண்ட செவிலியரையும் நினைத்துப் பார்க்கிறோம். ஆலயத்தில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். ஆனால் எலும்பு எங்கே முறிந்திருக்கிறது என்று காட்டிய அந்த மனிதரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவருடைய முகமாவது நினைவிருக்கிறதா?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 8-ஆம் நாள் உலகெங்கும் கதிரியல் பணியாளர்களின் நாளாக நினைவுகூரப்படுகிறது. 1895-ஆம் ஆண்டு அதே நாளில்தான் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் வில்லெம் ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அதற்கு முந்திய நாளான நவம்பர் 7, மேரி கியூரி அம்மையார் பிறந்த நாள். ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் என்றும் இரண்டு முறை நோபல் பரிசு பெற்றவர் என்றும் பள்ளிப் பாடத்தில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஆனால் அவர் தம் வாழ்வின் நான்கு ஆண்டுகள் ஓர் எக்ஸ்ரே பணியாளராகவே உழைத்தார் என்பதும், அந்த உழைப்பே அவருடைய உயிரைக் குடித்திருக்கக்கூடும் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வாழ்வை இன்று சற்றுச் சிந்திப்போம்.

முத்தமிடாத தாய்

மேரி கியூரி 1867-ஆம் ஆண்டு போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை இயற்பியலும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். தாய் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர், பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண்மணி. அந்நாளில் வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் போலந்து மொழியில் கற்பிக்கத் தடை. அடிமைப்பட்ட மக்களுக்கு அவர்களுடைய நம்பிக்கையும் மொழியுமே ஆறுதலாக இருந்தன.

மரியா சிறு குழந்தையாக இருந்தபோதே தாயைக் காசநோய் பற்றிக்கொண்டது. தம் நோய் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று அந்தத் தாய் தமக்கெனத் தனிப் பாத்திரங்கள் வைத்துக்கொண்டார். பிள்ளைகளை முத்தமிடுவதையும் தவிர்த்தார். அம்மா ஏன் தன்னை அணைத்து முத்தமிடுவதில்லை என்பது அந்தக் கடைக்குட்டிக்கு நெடுநாள் விளங்கவில்லை. மூத்த அக்காள் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். அந்தத் துயரம் ஆறும் முன்பே, 1878-இல் தாயும் மறைந்தார். அப்போது மரியாவுக்கு வயது பத்து.

தாய்க்காக அழுது மன்றாடிய அந்தச் சிறுமியின் உள்ளம் உடைந்தது. அதன்பின் அவருடைய இறைநம்பிக்கை தளர்ந்தது. பிற்கால வாழ்வில் அவர் ஆலய வழிபாடுகளில் பங்குகொள்ளவில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. துன்பம் சிலரை இறைவனிடம் இழுத்து வருகிறது, சிலரைத் தள்ளி நிறுத்திவிடுகிறது. தள்ளி நின்றவர்களையும் இறைவன் கைவிடுவதில்லை என்பதே நம் நம்பிக்கை.

அக்காளுக்காகக் காத்திருந்த தங்கை

படிப்பில் மரியா முதன்மையானவர். ஆனால் வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. வெளிநாடு போய்ப் படிக்க வீட்டில் பணமில்லை. அவரும் அக்காள் பிரோனியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். முதலில் அக்காள் பாரிசில் மருத்துவம் படிப்பார், தங்கை வேலை செய்து பணம் அனுப்புவார். பிறகு அக்காள் தங்கையைப் படிக்க வைப்பார்.

அதன்படி மரியா வசதி படைத்த குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கிராமத்தில் இருந்த காலத்தில், ஓய்வு நேரங்களில் ஏழை விவசாயிகளின் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அரசுக்குத் தெரிந்தால் தண்டனை கிடைக்கும் காரியம் அது. தம்பி தங்கைகளின் படிப்புக்காகத் தம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன அக்காள்மார் நம் பங்குகளிலும் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கு மரியாவின் அந்த ஆண்டுகள் நன்றாகப் புரியும்.

1891-இல், தம் 24-ஆம் வயதில் மரியா பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தார். மாடியின் உச்சியில் ஒரு சிறிய அறை, குளிருக்குப் போதிய விறகு இல்லை, பல நாள் ரொட்டியும் தேநீருமே உணவு. பசியால் மயங்கி விழுந்த நாளும் உண்டு. 1893-இல் இயற்பியல் பட்டத்தேர்வில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு கணிதத்திலும் பட்டம் பெற்றார். 1895-இல் அறிவியலறிஞர் பியேர் கியூரியை மணந்து மேரி கியூரி ஆனார்.

இருவரும் சேர்ந்து மழை ஒழுகும் ஒரு கொட்டகையில் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி, கிண்டி, வடித்து உழைத்தார்கள். 1898-இல் பொலோனியம், ரேடியம் ஆகிய இரண்டு புதிய தனிமங்களை அறிவித்தார்கள். முதல் தனிமத்திற்கு அடிமைப்பட்டிருந்த தம் தாய்நாட்டின் பெயரையே மேரி சூட்டினார். ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெரும் செல்வம் சேர்ந்திருக்கும். அறிவு எல்லாருக்கும் பொதுவானது என்று சொல்லி அதைக் கணவனும் மனைவியும் வேண்டாமென்று விட்டார்கள். 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1906-இல் பியேர் சாலையில் குதிரை வண்டியில் சிக்கி இறந்தார். கைக்குழந்தை உட்பட இரண்டு பெண் பிள்ளைகளோடு 38 வயதில் மேரி கைம்பெண் ஆனார். 1911-இல் இரண்டாவது நோபல் பரிசு. அதே ஆண்டு பிரெஞ்சு அறிவியல் கழகம் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அந்நாட்டுச் செய்தித்தாள்கள் சில அவரை அந்நியப் பெண் என்று தூற்றவும் செய்தன.

போர்க்களத்திற்குப் போன எக்ஸ்ரே

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. அறிவியல் கழகம் ஏற்க மறுத்தாலும், தமக்கு வாழ்வளித்த நாட்டுக்குத் தாம் என்ன செய்யலாம் என்று மேரி யோசித்தார். அவருடைய ஆய்வுகள் எக்ஸ் கதிரைப் பற்றியவை அல்ல. ஆனால் ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. பெரிய நகர மருத்துவமனைகளில் எக்ஸ்ரே கருவி இருந்தது. குண்டடி பட்டவர்கள் விழுந்து கிடந்ததோ போர்முனையில். உடலுக்குள் துப்பாக்கிக் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியாமல் அறுவை மருத்துவர்கள் தேடித் தேடி அறுத்தார்கள். கை கால்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. காப்பாற்றக்கூடியவர்களும் இறந்தார்கள்.

காயம்பட்டவரைக் கருவியிடம் கொண்டுவர முடியாவிட்டால், கருவியைக் காயம்பட்டவரிடம் கொண்டுபோவோம் என்று மேரி முடிவு செய்தார். மோட்டார் வாகனம் ஒன்றில் எக்ஸ்ரே கருவியைப் பொருத்தினார். மின்சாரம் இல்லாத இடங்களுக்காக, வண்டியின் இயந்திரமே சுழற்றும் டைனமோ ஒன்றை வைத்தார். படம் கழுவும் பொருள்களும் இருட்டறைத் திரைகளும் கூடவே சென்றன. பணம் படைத்தவர்களின் வீட்டு வாசலில் நின்று வண்டிகளைக் கேட்டு வாங்கினார். அதிகாரிகளின் மேசைக்கு மேசை அலைந்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் கதிரியல் பணிக்கு அவரே பொறுப்பாளர் ஆனார். இப்படி இருபது வண்டிகள் உருவாயின. போர்வீரர்கள் அவற்றுக்குச் சின்னக் கியூரிகள் என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற அம்மையார், உடற்கூற்றியலைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டார். மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டார். டயர் மாற்றவும் பழுது பார்க்கவும் பழகிக்கொண்டார். செய்தி வந்ததும் புறப்படுவார். போர்முனை மருத்துவமனையை அடைந்ததும் மின்கம்பியை இழுத்து, சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, கருவியைப் பூட்டித் தயாராவார். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வேலை தொடங்கிவிடும். காயம்பட்டவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தூக்கி வருவார்கள். ஒளிரும் திரையில் எலும்பும் அதன் அருகே கறுத்த புள்ளியாகக் குண்டும் தெரியும். அருகில் நிற்கும் அறுவை மருத்துவருக்கு அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்வார். வரிசை முடியும் வரை, சில வேளைகளில் நாள்கணக்கில், அவர் அந்த இருட்டை விட்டு வெளியே வரமாட்டார்.

வந்தவர்களில் பலர் விவசாயிகள். இப்படி ஒரு கருவியை வாழ்நாளில் பார்த்திராதவர்கள். வலிக்குமோ, சுடுமோ என்று நடுங்குவார்கள். இதுவும் நிழற்படம் எடுப்பது போலத்தான் என்று சொல்லி மேரி அவர்களைத் தேற்றுவார். அந்த வீரர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. பழைய மேலங்கி அணிந்த, களைத்துப்போன, அதிகம் பேசாத ஒரு பெண் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஒருமுறை வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து, பெட்டிகள் மேலே விழுந்து அவருக்குக் காயம் ஏற்பட்டது. அதை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்.

மூத்த மகள் ஐரீனுக்கு அப்போது 17 வயது. அவரும் தாயோடு சேர்ந்துகொண்டார். 18 வயதிலேயே பெல்ஜியத்தில் போர்முனைக்கு அருகே ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பணியைத் தனியாக ஏற்று நடத்தினார்.

கருவிகள் பெருகின, அவற்றை இயக்க ஆள் போதவில்லை. எனவே 1916 முதல் மேரி ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தினார். ஏறக்குறைய 150 பெண்கள் அங்கே மின்சாரம், எக்ஸ் கதிர், உடற்கூறு ஆகியவற்றைக் கற்று எக்ஸ்ரே பணியாளர்களாக வெளியே வந்தார்கள். அதிகம் படிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். இருபது வண்டிகளோடு 200 நிலையான எக்ஸ்ரே அறைகளும் அவருடைய முயற்சியால் ஏற்பட்டன. போர் முடிவதற்குள் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட போர்வீரர்கள் அவற்றால் பயன்பெற்றார்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அந்த 150 பெண்களில் எத்தனை பேரின் பெயர் இன்று யாருக்காவது தெரியும்? அவர்கள் காட்டிய இடத்தில் குண்டை எடுத்ததால் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரான்சில் வாழ்கிறார்கள்.

கிடைக்காத நன்றி

போர் முடிந்தது. மகள் ஐரீனுக்குப் போர்ப்பணிக்காகப் பதக்கம் வழங்கப்பட்டது. தாய்க்குப் பிரெஞ்சு அரசு அந்தப் பணிக்காக எந்தச் சிறப்பும் செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை. போரின் தொடக்கத்தில் தம் நோபல் பரிசுப் பணத்தைப் போர்க்கடன் பத்திரங்களில் போட்டிருந்தார். அது பெரும்பாலும் திரும்பி வரவில்லை. பரிசுப் பதக்கங்களையே உருக்கிக்கொள்ளும்படி கொடுக்கப் போனார். அதிகாரிகள்தாம் வாங்க மறுத்தார்கள். தாம் கற்றது மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று போரில் கதிரியல் ஆற்றிய பணியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1921-இல் வெளிவந்தது.

ஆனால் அந்த நான்கு ஆண்டுகள் அவருடைய உடலில் ஒரு கணக்கை எழுதி வைத்திருந்தன. அக்காலத்து எக்ஸ்ரே கருவிகளுக்கு இன்றுள்ள கவசம் கிடையாது. துணிக் கையுறையும் சில உலோகத் தகடுகளுமே காவல். வண்டி வண்டியாக வந்த வீரர்களின் அருகில், கதிர் பாயும் இடத்திலேயே நின்று அவர் வேலை செய்தார். போருக்குப் பின் கண்களில் புரை வளர்ந்தது. பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. விரல்களில் ஆறாத புண்கள். காதில் ஓயாத இரைச்சல். இவற்றைப் பற்றி அவர் யாரிடமும் முறையிடவில்லை.

1934-இல் விடாத காய்ச்சல் கண்டது. காசநோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் ஐயுற்றார்கள். தாயைக் கொண்டுபோன அதே நோய். பிரான்சின் மலைப்பகுதியில் உள்ள காசநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அவருடைய நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் காசநோய் இல்லை. இரத்தம்தான் கெட்டுப்போயிருந்தது. எலும்பு மச்சை புதிய இரத்தத்தை உண்டாக்கும் ஆற்றலை இழந்திருந்தது. அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள், 66-ஆம் வயதில் மேரி கியூரி காலமானார். எத்தனையோ பேருக்குப் படம் எடுத்துக் காட்டியவர், தம் இறுதி நோயில் பெயர் தெரியாத ஒரு எக்ஸ்ரே பணியாளரின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

1995-இல் அவருடைய உடலைப் பாரிசில் பெரியோர்கள் அடக்கம் செய்யப்படும் பாந்தியோன் மண்டபத்திற்கு மாற்றினார்கள். தம் சொந்தச் சாதனைக்காக அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர். அப்போது கல்லறையைத் திறந்து கதிரியக்க அளவைச் சோதித்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. எனவே அவருடைய இறப்புக்கு ரேடியத்தைவிட, போர்க்காலத்தில் பாதுகாப்பின்றி எடுத்த எக்ஸ்ரேக்களே காரணமாக இருக்கக்கூடும் என்று சோதித்தவர்கள் கருதினார்கள். ஐரீனும் 1956-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

இவர்கள் மட்டுமல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புனித ஜார்ஜ் மருத்துவமனைத் தோட்டத்தில் 1936-இல் ஒரு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. பிறருடைய நோயைக் காண உதவி, எக்ஸ் கதிராலும் ரேடியத்தாலும் தம் உயிரை இழந்த பல நாட்டவரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. மருத்துவர்களும் அறிவியலறிஞர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் செவிலியர்களும் அதில் உண்டு. பின்னாளில் அந்தப் பட்டியல் 350 பெயர்களைத் தாண்டியது. அவர்களில் பலர் முதலில் விரல்களை இழந்தார்கள், பிறகு கையை, கடைசியில் உயிரை. இன்று நம் ஊர் எக்ஸ்ரே அறையில் உள்ள கனத்த சுவரும், ஈயம் பதித்த கதவும், ஈய அங்கியும் அவர்கள் உயிரை விலையாகக் கொடுத்து நமக்கு வாங்கித் தந்தவை.

நம் மண்ணில்

மேரி கியூரி இறந்த அதே 1934-ஆம் ஆண்டில்தான் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. அவர் கண்டுபிடித்த ரேடியம் அந்நாளிலேயே நம் மாவட்டத்தின் நெய்யூர் மருத்துவமனைக்கும் வந்து, வெற்றிலை புகையிலையால் வாய்ப்புற்று கண்ட ஏழை மக்களுக்குச் சிகிச்சை தந்தது. ஆசாரிபள்ளத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் இடம் முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்ததை நம் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மேரியின் தாய் இறந்த காலத்தில் நெஞ்சுக்குள் நோய் எங்கே இருக்கிறது என்று காட்ட வழியே இல்லை. பின்னர் எக்ஸ்ரே வந்தது, மருந்தும் வந்தது. நோயை நேரத்தில் கண்டுகொண்டதால் எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளை மீண்டும் அணைத்து முத்தமிட்டார்கள்.

2006-இல் குலசேகரத்திலேயே மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. ஸ்கேன் எடுக்க நெடுந்தூரம் போன காலம் மாறியது. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. என்ற சொற்கள் இன்று நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் பழக்கம். ஆனால் கருவியின் பெயர் தெரிந்த அளவுக்கு அதன் பின்னால் நிற்கும் மனிதரை நமக்குத் தெரியவில்லை.

அவர் நெஞ்சில் ஒரு சிறிய அட்டை தொங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது அடையாள அட்டை அன்று. அவர் உடலில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கும் கருவி. குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை அதை அனுப்பிச் சோதிக்கிறார்கள். நமக்குப் படம் எடுக்கும் நொடியில் அவர் கண்ணாடிக்குப் பின்னால் போவது நம்மைவிட்டு ஓடுவதற்காக அன்று. நாம் எப்போதாவது ஒருமுறை அந்தக் கதிரைச் சந்திக்கிறோம். அவர் நாள்தோறும், ஆண்டுக்கணக்காக அதன் அருகில் வாழ்கிறார். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா பரவியபோது, உறவினர்களே தொட அஞ்சிய நோயாளிகளை ஒவ்வொருவராகப் படுக்க வைத்து நெஞ்சு ஸ்கேன் எடுத்தவர்களும் இவர்களே.

அவர்களுடைய பணியில் நேர்மையும் உண்டு. படம் தெளிவாக இல்லை என்றால், வெளியே கூட்டம் நெருக்கினாலும் மறுபடியும் சரியாக எடுக்க வேண்டும். ஒரு கவனக்குறைவு நோயை மறைத்துவிடும். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கேட்டு நச்சரிக்கும் குடும்பத்தாரிடம் அதைச் சொல்ல மறுப்பதும் அந்த அறையில் இருப்பவர்தாம். 1994-இல் வந்த சட்டம் அதைக் குற்றம் என்கிறது. உயிர் இறைவனின் கொடை என்று நம்பும் நாம், சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, மனச்சான்றுக்கு அஞ்சியும் அந்தக் கேள்வியைக் கேட்காதிருக்க வேண்டும்.

சிந்தனைக்கு

நம்பிக்கையை இழந்த ஒருவரின் வாழ்வை ஆலயத்துக்குப் போகும் நமக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நல்ல சமாரியர் உவமையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போனவர்கள் வழிபாட்டுக்குப் பழகியவர்கள். அருகில் போனவர் வெளியார். அவரையே ஆண்டவர் நமக்கு மாதிரியாக நிறுத்தினார். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்பிலும், நோயுற்றவரைக் கவனித்தவர்கள் தாங்கள் ஆண்டவருக்கே அதைச் செய்தோம் என்று அறியாதிருந்தார்கள். அறியாமல் செய்ததையும் அவர் தம் கணக்கில் வைத்துக்கொள்கிறார். குண்டடி பட்ட பெயர் தெரியாத வீரனுக்கு முன், இருட்டறையில் நின்ற அந்தப் பெண்ணையும் அவர் அறிவார்.

நம் திருச்சபையும் இந்தப் பணியாளர்களை மறக்கவில்லை. அதிதூதர் புனித மிக்கேலைக் கதிரியல் பணியாளர்களின் பாதுகாவலராகத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1941-இல் அறிவித்தார். கண்ணுக்குத் தெரியாத தீமையோடு போரிடுபவர் மிக்கேல். உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் நோயை வெளிச்சத்திற்குக் கொண்டுவருபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாவலர் கிடைப்பாரா?

நாம் செய்யக்கூடியவை சிறியவையே. அடுத்த முறை அந்த அறைக்குள் போகும்போது அங்கிருப்பவரின் பெயரைக் கேட்போம். வெளியே வரும்போது நன்றி சொல்வோம். கருவுற்றிருந்தால் அல்லது அப்படி ஓர் ஐயம் இருந்தால் படம் எடுக்கும் முன்பே தயங்காமல் சொல்வோம். பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுபோவோம். மருத்துவர் வேண்டாம் என்ற பின்னும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதிருப்போம். செப்டம்பர் 29-ஆம் நாள் அதிதூதர்கள் திருவிழாவிலும், பிப்ரவரி 11-ஆம் நாள் உலக நோயாளர் தினத்திலும், நம் பங்கின் பொது மன்றாட்டில் மருத்துவர், செவிலியரோடு இவர்களையும் சேர்த்துக்கொள்வோம். நம் பங்கைச் சேர்ந்த பிள்ளைகள் யாராவது இந்தப் பணியில் இருந்தால், அன்பியக் கூட்டத்தில் அவர்களை அழைத்துப் பேசச் சொல்வோம். அவர்கள் செய்வது வெறும் பொத்தானை அழுத்தும் வேலை அன்று என்று நம் பிள்ளைகளும் அறியட்டும்.

மேரி கியூரிக்கு அவர் வாழ்ந்த காலத்தில் இந்தப் பணிக்காக யாரும் பதக்கம் சூட்டவில்லை. அவரிடம் பயின்ற 150 பெண்களின் பெயர்களும் காற்றோடு போயின. அந்தக் கடனை அவர்களிடம் நம்மால் தீர்க்க முடியாது. அதே பணியை இன்று செய்பவர்களிடம் தீர்க்கலாம். அவர்கள் வெகுதூரத்தில் இல்லை. நம் ஊர் மருத்துவமனையின் வராந்தாவில், கடைசிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

செபிப்போம்: எங்கள் உள்ளங்களையும் உடலையும் ஊடுருவி அறிகின்ற இறைவா, எங்கள் நோயைக் கண்டறிய உதவும் உம் பிள்ளைகளை ஆசீர்வதியும். அவர்களுடைய கண்களுக்குத் தெளிவையும், கைகளுக்கு இரக்கத்தையும், உடலுக்கு நலத்தையும் தாரும். அதிதூதர் புனித மிக்கேலின் பாதுகாவல் அவர்களோடு இருப்பதாக. இந்தப் பணியில் உயிர் துறந்த அனைவருக்கும் உம் முகத்தின் ஒளியில் இளைப்பாற்றி அளித்தருளும். ஆமென்.